இருபது வருடம் கழித்துப் புகார் கொடுக்க முடியுமா? சிறார் பாலியல் குற்றங்களும் காலவரம்பும்

"இவ்வளவு வருஷம் கழிச்சு வந்து சொல்றீங்களே, கேஸ் நிக்காதுங்க." சிறு வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் பெரியவர்களான பிறகு வாய் திறந்தால், காவல் நிலையத்திலும் வீட்டிலும், ஏன், சில வக்கீல்களிடமும்கூட இந்தப் பதில்தான் கிடைக்கிறது. சொல்பவர் எப்போதும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் இரண்டு வேறு வேறு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இவ்வளவு காலம் கழித்து வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறதா என்பது ஒன்று. தொடர்ந்தால் நிரூபிக்க முடியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு இந்தியச் சட்டத்தின் பதில் பலர் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது கேள்வி கடினமானது. அது கடினம் என்பதற்காக முதல் கேள்விக்கே "முடியாது" என்று சொல்லி அனுப்பிவிடுவது தவறு. அந்தத் தவறால் எத்தனையோ பேர் வாசலிலேயே திரும்பிப் போயிருக்கிறார்கள்.

காலவரம்பு என்றால் என்ன?

குற்றம் நடந்து இத்தனை காலத்துக்குள் வழக்குத் தொடரவில்லை என்றால், அதன் பிறகு நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்கக் கூடாது என்று சட்டம் போடும் தடைதான் காலவரம்பு. இதற்கு நியாயமான காரணம் உண்டு. சாட்சிகள் மறந்துபோவார்கள், இறந்தும் போவார்கள், ஆவணங்கள் தொலையும். தெருவில் நடந்த ஒரு தள்ளுமுள்ளுக்காகப் பதினைந்து வருடம் கழித்துச் சம்மன் வருவதால் யாருக்கும் பயனில்லை.

இந்தியாவில் இந்தத் தடை நாம் நினைக்கும் அளவுக்குப் பழையது அல்ல. வெள்ளையர் காலத்து 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பொதுவான காலவரம்பு எதுவும் இல்லை. 1973-இல் இயற்றப்பட்டு, 1974 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில்தான் 468-ஆம் பிரிவாக அது சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது. அதன் 514-ஆம் பிரிவில் அதே கணக்கு தொடர்கிறது.

அபராதம் மட்டுமே தண்டனை என்றால் 6 மாதம். ஓராண்டு வரை சிறை என்றால் 1 ஆண்டு. ஓராண்டுக்கு மேல், மூன்றாண்டு வரை சிறை என்றால் 3 ஆண்டு. அதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. மூன்று ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்க இடமுள்ள எந்தக் குற்றத்துக்கும் காலவரம்பே இல்லை. கொலைக்கு மட்டும்தான் இந்தச் சலுகை என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியல்ல.

நீதிபதி கடைசியில் எத்தனை ஆண்டு கொடுப்பார் என்பது இந்தக் கணக்கில் வராது. அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சமாக எத்தனை ஆண்டு கொடுக்கலாம் என்று சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதோ, அதுதான் கணக்கு.

போக்சோ சட்டத்தில் எங்கே நிற்கிறோம்?

18 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளையும் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாப்பதற்கான போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்தது. ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற வேறுபாடு அதில் இல்லை. உடலுக்குள் ஊடுருவும் வன்கொடுமைக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே 10 ஆண்டு, 16 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் 20 ஆண்டு. தவறான நோக்கத்தோடு தொடுவது 7-ஆம் பிரிவில் வருகிறது. தண்டனை 3 முதல் 5 ஆண்டு. அதையே ஆசிரியரோ, காவலரோ, நெருங்கிய உறவினரோ செய்தால், அல்லது குழந்தை 12 வயதுக்கு உட்பட்டதாக இருந்தால், 5 முதல் 7 ஆண்டு. எல்லாமே மூன்று ஆண்டு என்ற கோட்டைத் தாண்டியவை. ஆகவே இவற்றுக்குக் காலவரம்பு கிடையாது.

எளிதாகச் சொன்னால், 2014-இல் பத்து வயதில் ஒரு சிறுமியைப் பக்கத்து வீட்டுக்காரர் தவறாகத் தொட்டிருந்தால், அவள் இன்றைக்கும் புகார் தரலாம், முப்பது வயதிலும் தரலாம். அவளுக்கு இப்போது 18 வயது தாண்டிவிட்டது என்பதால் போக்சோ பொருந்தாமல் போகாது. சம்பவம் நடந்த அன்று அவளுடைய வயது என்ன என்பதைத்தான் சட்டம் பார்க்கும். இதைக் குழப்பிக்கொண்டு, "நீங்கதான் இப்ப மேஜர் ஆச்சே" என்று திருப்பி அனுப்புவது தவறு.

இந்தப் புரிதல் அரசு மட்டத்தில் எழுத்தில் வந்ததற்குப் பின்னால் ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. சென்னையில் சிறுமியாக இருந்தபோது உறவினரால் துன்புறுத்தப்பட்டு, பின்னர் வெளிநாட்டில் குடியேறிய ஒரு பெண், பல பத்தாண்டுகள் கழித்துப் புகார் கொடுக்க வழியில்லாமல் அலைந்தார். அதைப் பொதுவெளியில் சொல்லி, காலவரம்பு கூடாது என்று ஒரு மனு இயக்கமே நடத்தினார். மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் சட்ட அமைச்சகத்தின் கருத்தைக் கேட்டது. போக்சோ சட்டத்தில் புகார் கொடுக்கக் காலவரம்பு எதுவும் சொல்லப்படவில்லை என்று 2018 அக்டோபரில் அமைச்சகம் அறிவித்தது. இப்போது எத்தனை வயதானவரும் புகார் கொடுக்கலாம் என்பதே அந்த அறிவிப்பின் சாரம். அது புதிய சட்டம் அல்ல; இருக்கும் சட்டத்துக்கான விளக்கம். ஆனாலும் காவல் நிலைய மேசையில் எடுத்துக் காட்ட அப்படி ஒரு தாள் கிடைத்ததே பெரிய விஷயம்.

மூன்றாண்டுக் கோட்டுக்குள் சிக்கியவை

போக்சோவிலேயே சில குற்றங்கள் அந்தக் கோட்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கின்றன. 11-ஆம் பிரிவில் வரும் பாலியல் சீண்டலுக்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு. உடலைத் தொடாமல் செய்யும் தொல்லைகள் பலவும் இதில்தான் வரும்: குழந்தையிடம் ஆபாசப் படம் காட்டுவது, உடலைக் காட்டச் சொல்வது, விடாமல் பின்தொடர்வது, படத்தை வெளியிட்டுவிடுவேன் என்று மிரட்டுவது. சட்டத்தின் எழுத்தின்படி பார்த்தால் இதற்கு 3 ஆண்டுக் காலவரம்பு உண்டு. பதின்மூன்று வயதில் செல்பேசி வழியாக ஒரு பெண்ணுக்கு இது நடந்தால், பதினாறு வயதில் அந்தக் காலம் முடிந்துவிடும். அப்போதும் அவள் குழந்தைதான். வாக்களிக்க முடியாத, சொந்தமாக ஒப்பந்தம் போட முடியாத வயதில் இருப்பவரிடம், நீ வழக்குப் போடும் காலம் கடந்துவிட்டது என்று ஒரு சட்டம் சொல்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. குறைந்தபட்சம் 18 வயது நிறையும் நாளிலிருந்தாவது காலத்தைக் கணக்கிட வேண்டும்.

மறைத்தவர்கள் விஷயம் இதைவிட மோசம். குழந்தைக்கு இப்படி நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பது போக்சோவின் 21-ஆம் பிரிவில் குற்றம். 6 மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவர் செய்ததை மறைத்த பள்ளி நிர்வாகி, விடுதிப் பொறுப்பாளர் போன்றவருக்கு 1 ஆண்டு வரை. இவற்றுக்குக் காலவரம்பு வெறும் ஓராண்டு. குற்றம் நடந்ததே தெரியாமல் மறைக்கப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவருக்கோ காவல்துறைக்கோ, யாருக்கு முதலில் தெரியவருகிறதோ அன்றிலிருந்துதான் நாள் எண்ணப்படும் என்ற விதி இருப்பது கொஞ்சம் கைகொடுக்கும். மறைப்பதை உச்ச நீதிமன்றம் சிறு தவறாகப் பார்க்கவில்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு மாணவியர் விடுதிக் குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர், தெரிந்தும் தகவல் தரவில்லை என்ற வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வழக்கைத் திரும்ப உயிர்ப்பித்தது. தகவல் சொல்லாமல் இருப்பது குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சி என்ற அளவுக்கு அந்தத் தீர்ப்பு பேசியது. அப்படிப்பட்ட குற்றத்துக்கு ஓராண்டுதான் காலவரம்பு என்பது எனக்கு முரணாகவே படுகிறது.

இந்தச் சிறு குற்றங்களுக்கும் வழிகள் சில உண்டு. ஒரே வழக்கில் பெரிய குற்றமும் சேர்ந்து விசாரிக்கப்பட்டால், பெரிய குற்றத்தின் காலக் கணக்கே எல்லாவற்றுக்கும் பொருந்தும். சீண்டலில் தொடங்கித் தொடுதலில் முடிந்த சம்பவங்களில் இது பெரிய உதவி. குற்றம் சாட்டப்பட்டவர் இந்தியாவுக்கு வெளியே இருந்த காலம் கணக்கில் சேராது. சம்பவத்துக்குப் பிறகு பத்து வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கு அந்தப் பத்து வருடத்தால் லாபமில்லை. தாமதத்துக்குச் சரியான விளக்கம் இருந்தாலோ, நீதியின் நலனுக்குத் தேவைப்பட்டாலோ, காலம் கடந்த வழக்கையும் நீதிமன்றம் ஏற்கலாம் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 519-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தில் இது 473-ஆம் பிரிவு.

காவல் நிலையமும் நீதிமன்றமும் இழுத்தடித்தால் பாதிக்கப்பட்டவர் தலையில் அது விடியாது. 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, புகார் கொடுக்கப்பட்ட தேதியைத்தான் பார்க்க வேண்டும், நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்த தேதியை அல்ல என்று தீர்ப்பளித்தது. புதிய சட்டத்தின் 514-ஆம் பிரிவில் இது விளக்கமாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் புகார் கொடுத்த அன்றே எஃப்.ஐ.ஆர். நகலோ, அது இல்லையென்றால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோ கையில் வாங்கிவிட வேண்டும் என்று வக்கீல்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

2012-க்கு முன்னால் நடந்தது என்றால்?

இன்று முப்பது, நாற்பது, ஐம்பது வயதில் இருப்பவர்களின் கேள்வி இதுதான். மிக அதிகமாக மனம் உடைவதும் இங்கேதான்.

ஒரு செயல் நடந்த நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ, அந்தச் சட்டப்படிதான் ஒருவரைத் தண்டிக்க முடியும். அரசியல் சாசனத்தின் 20(1) பிரிவு தரும் அடிப்படைப் பாதுகாப்பு இது. ஆகவே 2012 நவம்பர் 14-க்கு முன் நடந்ததற்குப் போக்சோ பொருந்தாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டம்தான். அந்தச் சட்டத்தில் குழந்தைகளுக்கென்று தனியாக எழுதப்பட்டது மிகக் குறைவு.

கற்பனையாக ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 1998-இல் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை உறவினர் ஒருவர் வன்புணர்ந்திருந்தால் அது 376-ஆம் பிரிவு. தண்டனை ஆயுள் வரை. காலவரம்பு இல்லை; இன்றும் வழக்குத் தொடரலாம். ஆனால் அதே உறவினர் விரலால் துன்புறுத்தியிருந்தால்? அன்றைய சட்டத்தில் ஆணுறுப்பு ஊடுருவினால்தான் வன்புணர்ச்சி. 2004-இல் சாக்ஷி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் இந்த வரையறையை விரிவாக்க வேண்டும் என்று கேட்டபோது, அதை நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. எனவே அந்தக் கொடுமையைப் பெரும்பாலும் 354-ஆம் பிரிவில், பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவித்ததாகத்தான் பதிவு செய்தார்கள். அதன் அதிகபட்சத் தண்டனை அன்றைக்கு 2 ஆண்டு. 2 ஆண்டுத் தண்டனைக்குக் காலவரம்பு 3 ஆண்டு. அந்தச் சிறுமிக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, 2001-இல், அவளுக்கான காலம் முடிந்துவிட்டது. தனக்கு நடந்தது இன்னதென்று சொல்லக்கூட அப்போது அவளுக்கு வார்த்தை இருந்திருக்காது.

சிறுவர்களின் நிலை இன்னும் பரிதாபம். 376, 354 இரண்டும் பெண்களுக்கானவை. சிறுவனிடம் நடந்த உறவுக்கு 377-ஆம் பிரிவைப் பயன்படுத்தினார்கள். அதன் தண்டனை ஆயுள் வரை போகும் என்பதால் காலவரம்பு இல்லை. 2012-க்கு முன் ஆண் குழந்தைகளுக்கு இருந்த ஒரே வலுவான ஆயுதம் அதுதான். ஆனால் சிறுவனைத் தவறாகத் தொட்டதற்கு, அதன் கனத்துக்கு ஏற்ற பிரிவு எதுவுமே தண்டனைச் சட்டத்தில் இருக்கவில்லை. எத்தனை ஆண்கள் இதைப் பற்றி யாரிடமும் பேசாமலே வாழ்ந்து முடித்திருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஆகவே பழைய சம்பவம் என்றால் "எத்தனை வருடம் ஆச்சு?" என்பது முதல் கேள்வி அல்ல. "என்ன நடந்தது, எந்த ஆண்டு நடந்தது?" என்பதே முதல் கேள்வி. அந்த விவரத்தைக் கேட்காமலே "காலம் கடந்துவிட்டது" என்று சொல்லும் யாருடைய கருத்தையும் முடிவானதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குழந்தைகள் ஏன் உடனே சொல்வதில்லை?

மத்திய அரசின் குழந்தைகள் நல அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் தேவாலயங்கள், பள்ளிகள், விடுதிகள் போன்ற நிறுவனங்களில் நடந்த கொடுமைகளை ஐந்து ஆண்டுகள் விசாரித்த அரச ஆணையம் 2017-இல் தன் இறுதி அறிக்கையைத் தந்தது. பாதிக்கப்பட்டவர்கள் முதல்முறை வெளியே சொல்லச் சராசரியாக 23.9 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள் என்று அதில் இருக்கிறது. செய்தவர் சோறு போடுகிறவராக இருக்கலாம், குடும்பமே கும்பிடுகிறவராக இருக்கலாம். சொன்னால் அம்மா அழுவாள், அப்பா யாரையாவது வெட்டப் போவார், அக்காவின் கல்யாணம் நின்றுபோகும் என்றெல்லாம் ஒரு குழந்தை தனக்குள் கணக்குப் போடுகிறது. 3 ஆண்டு என்று எழுதிய சட்டம் இந்தக் கணக்கை நினைத்துப் பார்க்கவில்லை.

வேறு நாடுகள் இதற்கு வெவ்வேறு வழி கண்டிருக்கின்றன. இங்கிலாந்தில் கடுமையான குற்றங்களுக்குக் காலவரம்பே இல்லை. ஜெர்மனியில் பாதிக்கப்பட்டவருக்கு 30 வயது ஆகும்வரை காலக் கணக்கு தொடங்குவதில்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். காலாவதியான குற்ற வழக்கைப் புதுச் சட்டம் போட்டு உயிர்ப்பிக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2003-இல் சொல்லிவிட்டது. இழப்பீட்டு வழக்குகளுக்கு அந்தத் தடை இல்லை என்பதால், நியூயார்க் மாநிலம் 2019-இல் பழைய வழக்குகளுக்காக ஓராண்டு வாசலைத் திறந்துவைத்தது. பிறகு பெருந்தொற்றின் காரணமாக 2021 ஆகஸ்ட் வரை நீட்டித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் வந்து குவிந்தன. இந்தியாவில் இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுதான். பாதிக்கப்பட்டவர் சிறாராக இருந்திருந்தால் 18 வயது நிறைந்த பிறகு அந்த 3 ஆண்டு கிடைக்கும். அதாவது 21 வயதுவரை. அந்த வயதில் வழக்குச் செலவுக்குக் கையில் பணம் வைத்திருப்பவர்கள் இங்கே எத்தனை பேர்?

தாமதமும் நிரூபணமும்

காலவரம்பு இல்லை என்பதால் வழக்கு வென்றுவிடும் என்று பொருளல்ல. "ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் கேட்பார். பாலியல் குற்றங்களில் புகார் தாமதமாவதற்கு அவமான பயம், குடும்ப மானம் என்று பல காரணங்கள் இருக்கலாம், நீதிமன்றங்கள் அதைக் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது என்று 1996-இல் பஞ்சாப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியது. நம்பத் தகுந்ததாக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் ஒன்றே போதும் என்பதும் அந்தத் தீர்ப்பில் உள்ளது.

பல வருடம் கழித்து மருத்துவப் பரிசோதனையில் எதுவும் கிடைக்காது. அதை எதிர்பார்க்கவும் வேண்டாம். பள்ளிச் சான்றிதழ் அன்றைய வயதைக் காட்டும். அப்போது யாரிடமாவது, ஒரு தோழியிடமோ சித்தியிடமோ, அரைகுறையாகச் சொல்லியிருந்தால் அவர் முக்கியமான சாட்சி. பழைய டைரி, கடிதம், மனநல மருத்துவரின் சீட்டு, அந்த வீட்டில் அந்தக் காலத்தில் குடியிருந்ததற்கான ரேஷன் அட்டை எல்லாம் உதவும். அதே ஆள் வேறு குழந்தைகளிடமும் அப்படி நடந்துகொண்டது தெரியவந்தால் வழக்கின் பலமே மாறும். புகாரில் தேதி நினைவில்லை என்றால் ஊகித்து எழுத வேண்டாம். "நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது, கோடை விடுமுறையில்" என்று எழுதினாலே போதும். தவறான ஒரு தேதி, உண்மையான ஒரு வாக்குமூலத்தைச் சாய்த்துவிடும்.

குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டால் அவர் மீதான குற்ற வழக்கு அதோடு முடிந்துவிடும் என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. செய்தவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள். சட்டத்தில் காலவரம்பு இல்லாத இடத்திலும் அவருடைய ஆயுள் ஒரு வரம்பாக நிற்கிறது.

எங்கே போவது?

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். சம்பவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும் எஃப்.ஐ.ஆர். போட்டு அந்த ஊருக்கு அனுப்புவது அவர்கள் கடமை. தமிழ்நாட்டில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இந்த வழக்குகளில் பழக்கப்பட்டவை. அங்கே ஆண்களும் சிறுவர்களுக்கான புகாரோடு போகலாம். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் ஆணையருக்கு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் மனுப் போட்டு எஃப்.ஐ.ஆர். பதியச் சொல்லலாம். பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கும் அதிகாரியே சிறைக்குப் போக நேரிடும் என்று, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆம் பிரிவு சொல்கிறது. மனுவில் அதையும் ஒரு வரி குறிப்பிடுங்கள்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். இப்போது குழந்தையாக இருப்பவருக்கு ஆபத்து என்றால் 1098-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். வயது வந்த பிறகு பேசுகிறவர் தன்னுடைய பழைய வழக்கோடு இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும்: அந்த ஆள் இன்னும் டியூஷன் எடுக்கிறாரா, விடுதி நடத்துகிறாரா, பேரக் குழந்தைகளோடு ஒரே வீட்டில் இருக்கிறாரா? அப்படியென்றால் புகாரில் அதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பழைய சம்பவத்தின் காலக் கணக்கைப் பிறகு வக்கீல் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு அங்கே இருக்கும் குழந்தையைப் பாதுகாக்கக் குழந்தைகள் நலக் குழு உடனே இறங்க வேண்டும்.